குக்குலுப் பிசினும் இரத்தக் கொழுப்பும்

வாராணசியில் உள்ள பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் 1966 ஆம் ஆண்டு ஜி.வி. சத்தியவதி என்ற இளம் ஆய்வாளர் தமது பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை மேதோரோகம் என்று குறிப்பிடும் நோயைப் பற்றிய பகுதியை அவர் ஊன்றிப் படித்திருந்தார். தவறான உணவாலும் உழைப்பின்மையாலும் உடலில் கொழுப்பு மிகுந்து, நாளங்களின் பாதையை அடைத்து, மற்றத் தாதுக்களுக்கு, அதாவது உடலின் பிற திசுக்களுக்கு, போய்ச் சேர வேண்டிய ஊட்டத்தைத் தடுத்துவிடுகிறது என்று அந்நூல் சொல்வது, இன்றைய மருத்துவம் தமனித் தடிப்பு என்று அழைக்கும் நோயைப் பெரிதும் ஒத்திருப்பதை அவர் கண்டார். அந்த நோய்க்கு நூல் பரிந்துரைக்கும் மருந்துகளில் ஒன்று குக்குலு என்ற பிசின். முயல்களுக்குக் கொழுப்பு மிகுந்த தீவனம் கொடுத்து இரத்தக் கொலஸ்ட்ராலை ஏற்றிவிட்டு, அவற்றில் ஒரு பகுதிக்குக் குக்குலுவையும் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றின் கொலஸ்ட்ரால் இறங்கியது. பிற்காலத்தில் சத்தியவதி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரானார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண் அவரே.

நான் மருந்தாளுநராக வேலை செய்பவன். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை எழுதப்பட்ட சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்குப் பதிலாக மூலிகையில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பவர்கள் கடைக்கு வந்த வண்ணம் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். வாழ்நாள் முழுவதும் ஒரு மாத்திரையை விழுங்க வேண்டும் என்று சொல்லப்பட்ட மனிதருக்கு அப்படிக் கேட்க எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் குக்குலுவுக்கு நேர்ந்தது என்ன என்பதை முழுவதும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் நம் நாட்டு மூலிகைகளில் இரத்தக் கொழுப்புக்காக இவ்வளவு முறையாக, இவ்வளவு நம்பிக்கையோடு, இவ்வளவு நீண்ட காலம் ஆராயப்பட்ட வேறொன்றைச் சொல்வது கடினம்.

குக்குலு என்பது கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானத்தின் வறண்ட குன்றுகளிலும் பாகிஸ்தானின் சிந்துப் பகுதியிலும் வளரும் முள் நிறைந்த ஒரு குட்டைச் செடியின் பிசின். அதன் பட்டை காகிதம்போல் மெல்லிய சுருள்களாக உரியும். குளிர்காலத்தில் தண்டைக் கீறிவிட்டால் பால்போல் கசிந்து காற்றில் இறுகுவதைச் சுரண்டி எடுக்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் குக்குலுக் கட்டி பழுப்பும் பொன்னும் கலந்த நிறத்தில், மண்ணும் பட்டைத் துணுக்குகளும் ஒட்டியபடி இருக்கும். சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தால் இளகி விரல்களில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். சாம்பிராணியை நினைவூட்டும் மணமும் நாக்கின் அடியில் நெடுநேரம் நிற்கும் கசப்பும் அதற்கு உண்டு. இதை அப்படியே யாரும் மருந்தில் சேர்ப்பதில்லை. துணியில் முடிந்து, திரிபலைக் கஷாயம் கொதிக்கும் பாத்திரத்தில் தொங்கவிடுவார்கள். பிசின் கரைந்து கஷாயத்தில் இறங்க, குச்சியும் பட்டையும் மண்ணும் துணிக்குள் தங்கிவிடும். பிறகு கஷாயத்தை வற்றக் காய்ச்சி எடுப்பார்கள். சுத்திகரிக்காத குக்குலு வயிற்றுப்போக்கையும் தோல் தடிப்பையும் உண்டாக்கும் என்பதை வைத்தியர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். மூலிகை என்றாலே தீங்கற்றது என்ற பேச்சு அண்மைக் காலத்து விளம்பரப் பேச்சு. மருந்து செய்தவர்கள் அப்படி நினைத்ததில்லை என்பதற்கு இந்தச் சுத்தி முறையே சான்று.

சத்தியவதியின் ஆய்வைத் தொடர்ந்து வேதியியலாளர்கள் இந்தப் பிசினைப் பிரித்துப் பார்த்தார்கள். எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பானில் கரையும் பகுதியில்தான் கொழுப்பைக் குறைக்கும் ஆற்றல் இருப்பதாகவும், கரையாத பகுதியே தொல்லைகளுக்குக் காரணம் என்றும் தெரியவந்தது. கரையும் பகுதியிலிருந்து குக்குல்ஸ்டீரோன் என்ற இரட்டைச் சேர்மங்கள் அடையாளம் காணப்பட்டன. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் இந்தச் சாற்றைத் தரப்படுத்தி, குகுலிப்பிட் என்று பெயரிட்டு, விலங்குகளிலும் பிறகு மனிதர்களிலும் சோதித்து, 1980களில் அது மருந்தாக விற்பனைக்கு வந்தது. ஒரு பழைய நூலின் வரியிலிருந்து தொடங்கி, அளவு குறிக்கப்பட்ட ஒரு மாத்திரை வரை வந்த இந்தப் பாதையை நான் இன்றும் பெருமையோடுதான் பார்க்கிறேன்.

1989 இல் வெளியான பல மையச் சோதனையின் முடிவுகள் மருத்துவர்களிடையே பெரும் நம்பிக்கையை ஏற்படுத்தின. முதற்கட்டத்தில் 205 நோயாளிகளுக்கு 12 வாரங்கள் குகுலிப்பிட் கொடுக்கப்பட்டது. பெரும்பாலானோருக்குக் கொலஸ்ட்ராலும், இரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடும் கணிசமாக இறங்கின. அடுத்த கட்டத்தில் 125 பேருக்குக் குகுலிப்பிட்டும் 108 பேருக்கு அந்நாளில் புழக்கத்தில் இருந்த கொலஸ்ட்ரால் மருந்தான கிளோஃபைப்ரேட்டும் கொடுத்து ஒப்பிட்டார்கள். குகுலிப்பிட் கொலஸ்ட்ராலைச் சராசரியாக 11 சதவீதமும் கிளோஃபைப்ரேட் 10 சதவீதமும் குறைத்தன. அலோபதி மருந்துக்கு நம் மூலிகை எள்ளளவும் குறைந்ததல்ல என்று அன்று பலரும் எழுதினார்கள்.

இந்தச் சோதனையில் இல்லாத ஒன்று, மருந்தே கலக்காத வெற்று மாத்திரையைப் பெறும் ஒரு குழு. அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது எனக்குப் பாடப்புத்தகத்தைவிடக் கடையில்தான் நன்றாகப் புரிந்தது. ஒரு முறை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டு லிப்பிட் (இரத்தக் கொழுப்பு) பரிசோதனைத் தாள்களை மேசைமேல் விரித்து வைத்து, "தம்பி, மாத்திரையை நிறுத்திட்டேன். பொடியிலேயே எவ்வளவு குறைஞ்சிருக்கு பாருங்க" என்றார். முகம் மலர்ந்திருந்தது. எண்கள் இறங்கியிருந்தது உண்மை. "ஐயா, மாத்திரையை எப்போ நிறுத்தினீங்க?" என்று கேட்டேன். இரண்டாவது பரிசோதனைக்கு முந்தைய வாரம் வரை ஸ்டாட்டின் சாப்பிட்டிருக்கிறார். அதன் விளைவு முழுதாக மறைவதற்குள் இரத்தம் கொடுத்திருக்கிறார். அதோடு, பொடியைத் தொடங்கிய நாளிலிருந்தே மாலையில் பஜ்ஜியும் போண்டாவும் நின்றுபோயிருந்தன. காலையில் நடக்கவும் ஆரம்பித்திருந்தார். இவற்றில் எது குறைத்தது என்று அந்தத் தாள்களைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அவர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் என்பதால், உடனே மருத்துவரிடம் போய்ப் பேசுங்கள் என்று வற்புறுத்தி அனுப்பினேன். சில வாரங்கள் கழித்து எடுத்த பரிசோதனையில் எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், மீண்டும் ஏறியிருந்தது. மருத்துவர் சொன்னபடி மாத்திரையை மறுபடியும் தொடங்கினார், நடைப்பயிற்சியை விடவில்லை.

மருந்து எதுவுமே கொடுக்காவிட்டாலும் கொலஸ்ட்ரால் எண் நிலையாக நிற்பதில்லை. ஒரே மனிதருக்கு இரண்டு வார இடைவெளியில் பார்த்தாலும் சில சதவீதம் ஏறும், இறங்கும். வழக்கத்தைவிட உயர்ந்து நிற்கும் நாளில்தான் நாம் பயந்து சிகிச்சையைத் தொடங்குகிறோம் என்பதால், அடுத்த முறை அது இறங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். சிகிச்சை பெறுகிறோம் என்ற உணர்வே உணவிலும் ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவருகிறது. இவற்றையெல்லாம் கழித்த பிறகு எஞ்சுவதுதான் மருந்தின் பங்கு. கழிப்பதற்கு வெற்று மாத்திரைக் குழுவை விட்டால் வேறு வழியில்லை.

2002 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் குக்குல்ஸ்டீரோன் எப்படி வேலை செய்யக்கூடும் என்பதற்கு அழகான ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். கல்லீரல் கொலஸ்ட்ராலைப் பித்த அமிலங்களாக மாற்றிக் குடலுக்கு அனுப்புகிறது. பித்த அமிலம் போதுமான அளவு சேர்ந்துவிட்டால், கல்லீரல் உயிரணுக்களில் உள்ள ஓர் ஏற்பி அதை உணர்ந்து மேலும் உற்பத்தியாவதைத் தடுக்கிறது. குக்குல்ஸ்டீரோன் அந்த ஏற்பியை மறித்து நிற்கிறது என்றும், அதனால் கல்லீரல் தொடர்ந்து கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றிச் செலவழிக்கக்கூடும் என்றும் அவர்கள் விளக்கினார்கள். 'சயன்ஸ்' இதழில் இந்தக் கட்டுரை வந்தபோது, பழைய நூலின் சொல்லுக்கு அணு அளவில் ஆதாரம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி எங்கும் பரவியது.

அதற்கு அடுத்த ஆண்டு, 2003 ஆகஸ்டில், பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் சோதனை முடிவு வெளியாயிற்று. கொலஸ்ட்ரால் மிகுந்த 103 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 1,000 மி.கி. குகுலிப்பிட் நாளுக்கு மூன்று வேளையும், இன்னொரு குழுவுக்கு 2,000 மி.கி. மூன்று வேளையும், மூன்றாவது குழுவுக்கு வெற்று மாத்திரையும் எட்டு வாரங்கள் கொடுத்தார்கள். யார் எதைச் சாப்பிடுகிறார் என்பது அவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். 5 சதவீதம் இறங்கியது. குகுலிப்பிட் சாப்பிட்டவர்களுக்கு இறங்கவில்லை. குறைந்த அளவில் 4 சதவீதமும் கூடுதல் அளவில் 5 சதவீதமும் ஏறியது. மருந்து பெற்றவர்களில் ஆறு பேருக்குத் தோலில் தடிப்பு வந்தது. பின்னர் நார்வேயில் 43 பேரிடம் 12 வாரங்கள் நடந்த சிறிய சோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் சிறிதளவு குறைந்தாலும், முக்கியமான எல்.டி.எல். அளவில் வேறுபாடு தென்படவில்லை.

அமெரிக்கர்களின் உணவு வேறு, உடல்வாகு வேறு, ஆகவே அந்த முடிவு நமக்குப் பொருந்தாது என்று பலர் மறுத்தார்கள். அது இருக்கக்கூடியதுதான், ஆனால் அப்படியொரு மறுப்பைச் சொல்பவர் இந்தியாவிலேயே அதே கண்டிப்போடு ஒரு சோதனையை நடத்திக் காட்ட வேண்டும். அழகான விளக்கம் ஒன்று கையில் இருப்பதாலேயே மருந்து வேலை செய்கிறது என்று ஆகிவிடாது என்பதற்கு, இந்த இரண்டு ஆண்டுகளை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. வெற்று மாத்திரைக் குழுவில் அந்த 5 சதவீதம் தானாகவே இறங்கியதையும் கவனிக்க வேண்டும். அப்படிப்பட்ட குழு இல்லாத சோதனையில் அந்த இறக்கமும் மூலிகையின் கணக்கில்தான் சேர்ந்திருக்கும்.

கொழுப்பைக் குறைக்காததால் குக்குலு ஆற்றலே இல்லாத பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் புரோப்ரனலால், டில்டியாசெம் ஆகிய மருந்துகளோடு குகுலிப்பிட்டைச் சேர்த்துக் கொடுத்தபோது, அந்த மருந்துகள் இரத்தத்தில் சேரும் அளவு குறைந்தது என்பது 1990களிலேயே பதிவாகியிருக்கிறது. நெஞ்சுவலிக்கு டில்டியாசெம் சாப்பிடும் ஒருவர், கூடுதல் நன்மைக்கென்று குக்குலு மாத்திரையையும் சேர்த்துக்கொண்டால், தெரியாமலேயே தம் இதய மருந்தின் அளவைக் குறைத்துக்கொண்டவர் ஆகிறார். ஆகவேதான் எந்தச் சீட்டை நீட்டுபவரிடமும் நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்காமல் நான் மருந்து கொடுப்பதில்லை. கண்டிப்பார்கள் என்ற அச்சத்தில் மருத்துவரிடம் மறைக்கும் பலர் என்னிடம் தயங்காமல் சொல்கிறார்கள்.

அந்தச் செடியின் நிலையையும் சொல்லியாக வேண்டும். மிக மெதுவாக வளரும் அந்தச் செடியை ஆழமாகக் கீறினால் பிசின் அதிகம் வரும். ஆனால் செடி பட்டுப்போகும். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிகவும் அருகிவரும் இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. எல்.டி.எல்.ஐக் குறைப்பதாக உறுதியாகாத ஒரு பயனுக்காகக் கட்ச் நிலத்தின் செடியைத் தொடர்ந்து கீறுவது எனக்கு ஏற்கவில்லை.

குக்குலுவை விட்டு நம் சமையலறைப் பொருள்களுக்கு வந்தால், முதலில் நிற்பது வெந்தயம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 1990 இல் வெளியிட்ட ஆய்வில், வெந்தயம் சர்க்கரையோடு கொலஸ்ட்ராலையும் ட்ரைகிளிசரைடையும் குறைத்தது என்பது உண்மை. அந்தச் செய்தி மட்டும் நாளிதழ்கள் வழியாக வீடுகளுக்கு வந்து சேர்ந்தது; அளவு வந்து சேரவில்லை. அந்த ஆய்வில் கொடுத்தது நாளொன்றுக்கு 100 கிராம் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி. பாதியை மதிய உணவிலும் பாதியை இரவு உணவிலும் கலந்து கொடுத்தார்கள். அதுவும் முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குப் பத்து நாள்கள் மட்டும். நம் வீட்டில் இரவு ஊறவைத்துக் காலையில் விழுங்கும் ஒரு தேக்கரண்டி வெந்தயம் நான்கைந்து கிராமுக்கு மேல் தேறாது. வெந்தயம் நல்ல பொருள். அதைச் சாப்பிட வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் நான்கு கிராம் வெந்தயத்திடம் 100 கிராமின் பலனை எதிர்பார்த்துக்கொண்டு மாத்திரையை நிறுத்துபவரை நினைத்தால் மனம் பதறுகிறது.

பூண்டு பற்றிய கேள்விக்கு விடை இன்னும் தெளிவாகவே இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 192 பேரிடம் ஆறு மாதங்கள் நடந்து 2007 இல் வெளியான சோதனையில், பச்சைப் பூண்டும் இரண்டு வகைப் பூண்டு மாத்திரைகளும் எல்.டி.எல்.ஐ அசைக்கவில்லை. ரசத்தில் தட்டிப் போடுவதற்கும் குழம்பில் உரித்துப் போடுவதற்கும் இந்த முடிவால் எந்தத் தடையும் இல்லை.

எளிய பொருள்கள் சில உண்மையாகவே வேலை செய்கின்றன. அவற்றைப் பற்றித்தான் யாரும் பரபரப்பாகப் பேசுவதில்லை. மலச்சிக்கலுக்கு வாங்கும் இசப்கோல் உமியை நாளுக்குப் பத்து கிராம் அளவில் எடுத்துக்கொண்டால் எல்.டி.எல். ஏறக்குறைய 7 சதவீதம் குறையும் என்பது பல சோதனைகளில் நிலைநாட்டப்பட்டது. குஜராத்தின் வயல்களில் விளையும் அந்த விதையின் உமி, குடலில் கூழாகிப் பித்த அமிலங்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. குக்குலு செய்யும் என்று எதிர்பார்க்கப்பட்டதைப் போன்ற ஒன்றை இந்த உமி குடலுக்குள் இருந்தபடியே சாதிக்கிறது. நிறையத் தண்ணீரோடு குடிக்க வேண்டும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் ஒன்றிரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும். தாவரங்களில் உள்ள, கொலஸ்ட்ராலை ஒத்த சேர்மங்களான ஸ்டீரால்களும் ஸ்டானால்களும் அப்படித்தான். பின்லாந்தின் வடக்குக் கரேலியாவில் 153 பேரிடம் ஓராண்டு நடந்து 1995 இல் வெளியான சோதனையில், மரத்திலிருந்து எடுத்த ஸ்டானால் சேர்த்த மார்கரின் எல்.டி.எல்.ஐச் சுமார் 14 சதவீதம் குறைத்தது. இவை குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படும் இடத்தில் போட்டிக்கு நின்று அதை வெளியே தள்ளுகின்றன.

மரமஞ்சளின் கதை வேறு. அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பெர்பெரின் என்ற சேர்மத்தை, நாளுக்கு 500 மி.கி. இரண்டு வேளை மூன்று மாதங்கள் கொடுத்துச் சீன ஆய்வாளர்கள் 2004 இல் வெளியிட்ட ஆய்வில் எல்.டி.எல். 25 சதவீதம் இறங்கியது. ஸ்டாட்டின் செல்லும் வழியில் அல்லாமல் வேறொரு வழியில் கல்லீரலின் எல்.டி.எல். ஏற்பிகளை அது பெருக்குகிறது என்றும் காட்டினார்கள். பின்னர் வந்த ஆய்வுகளிலும் ஓரளவு இறக்கம் தெரிகிறது. மூலிகைச் சேர்மங்களில் எனக்கு உண்மையான எதிர்பார்ப்பு இருப்பது இதன்மேல்தான். ஆனால் இது கல்லீரல் நொதிகளில் குறுக்கிட்டுப் பிற மருந்துகளின் அளவை மாற்றக்கூடியது. கருவுற்ற பெண்களுக்கு ஆகாது. அதோடு, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் கொடியாகப் படரும் நம் மரமஞ்சளும் அழிவின் விளிம்பில் நிற்கிறது. கடையில் கிடைக்கும் மரமஞ்சள் கட்டையில் பெர்பெரின் எவ்வளவு என்று எந்தப் பொட்டலத்திலும் எழுதியிருப்பதில்லை.

இயற்கையா, செயற்கையா என்று பிரித்துப் பேசுபவர்களுக்கு ஸ்டாட்டின் பிறந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானிய ஆய்வாளர் அகிரா எண்டோ, ஏறக்குறைய 6,000 பூஞ்சைகளைச் சலித்துப் பார்த்து, கியோட்டோவின் தானியக் கடை ஒன்றில் இருந்த அரிசியில் வளர்ந்த பூஞ்சையிலிருந்து 1973 இல் முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தார். சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று இன்று இயற்கை மாத்திரையாக விற்கப்படுவதில் இருக்கும் மொனாகோலின் கே என்ற பொருளும், 1987 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டினும் ஒரே மூலக்கூறு. ஆகவே அந்த அரிசி கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது என்றால் வியப்பில்லை. தசைவலி முதலிய பக்கவிளைவுகளும் அதே மூலக்கூறோடு சேர்ந்தே வரும். வேறுபாடு ஒன்றுதான்: மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று தெரியும், அரிசிச் சாற்றில் தெரியாது. 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த அரிசி மாத்திரைகளில் மொனாகோலின் கே-யின் நாளளவு 3 மி.கி.க்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்று வரம்பு விதித்தது. 2024 இல் ஜப்பானில் விற்ற சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரைகளில் வேறொரு பூஞ்சையின் நச்சு கலந்து, பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, அவை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

அமெரிக்காவின் கிளீவ்லேண்டு கிளினிக் ஏறக்குறைய 200 பேரிடம் நடத்தி 2022 இல் வெளியிட்ட சோதனை, கடையில் கேட்கப்படும் கேள்விக்கு மிக நேரான விடை. ரோசுவாஸ்டாட்டின் மாத்திரையின் 5 மி.கி. என்ற சிறிய அளவை ஒரு பக்கமும், பூண்டு, மஞ்சள், இலவங்கப்பட்டை, தாவர ஸ்டீரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி, மீன் எண்ணெய் ஆகியவற்றின் மாத்திரைகளை மறுபக்கமும் வைத்து 28 நாள்கள் பார்த்தார்கள். வெற்று மாத்திரையோடு ஒப்பிட ரோசுவாஸ்டாட்டின் எல்.டி.எல்.ஐ 35 சதவீதம் குறைத்தது. மற்ற ஆறில் ஒன்றுகூடக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. சோதனைக்குப் பணம் கொடுத்தது ரோசுவாஸ்டாட்டினைத் தயாரிக்கும் நிறுவனம் என்பதையும், 28 நாள்கள் குறுகிய காலம் என்பதையும், அங்கே விற்கும் மாத்திரைகளின் தரம் மாறுபடும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் வேறுபாட்டின் அளவை இந்தக் காரணங்களால் முழுதும் விளக்கிவிட முடியாது.

கொலஸ்ட்ராலைக் குறைப்பது தாளில் ஓர் எண்ணை அழகாக்குவதற்காக அன்று, மாரடைப்பைத் தவிர்ப்பதற்காக. ஸ்காண்டினேவிய நாடுகளில் இதய நோய் இருந்த 4,444 பேரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 1994 இல் வெளியான சிம்வாஸ்டாட்டின் சோதனையில், மருந்து பெற்றவர்களில் இறப்பு 30 சதவீதம் குறைந்திருந்தது. மூலிகைச் சாறுகளில் இதைப் போல மாரடைப்புக் கணக்கு வரை சென்றது, சீனாவில் முன்பே மாரடைப்பு கண்ட 4,870 பேரிடம் நடந்து 2008 இல் வெளியான சிவப்பு ஈஸ்ட் அரிசிச் சாற்றின் சோதனை. அதன் பலன் பெரிதுதான், ஆனால் அதில் இருந்ததும் லோவாஸ்டாட்டினே. ஆகவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் கண்டவர், பரம்பரையாகவே எல்.டி.எல். மிக உயர்ந்தவர் ஆகியோரிடம் நான் மூலிகை மாற்றைப் பற்றிப் பேசுவதே இல்லை. மாத்திரை தசைவலி தருகிறது என்று நிறுத்த நினைப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ளலாம். சிறுநீர் கறுத்து, தசைகள் தளர்ந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. எண் எல்லைக்கோட்டில் நிற்கும், வேறு ஆபத்தில்லாத நடுவயதினர் சில மாதங்கள் உணவையும் நடையையும் சரிசெய்து, இசப்கோலும் ஓட்ஸும் சேர்த்துப் பார்க்க மருத்துவர்களே இடம் கொடுக்கிறார்கள்.

நம் நாட்டு விதிகளின்படி, செவ்வியல் நூல்களில் உள்ளபடியே செய்யப்படும் ஆயுர்வேத, சித்த மருந்துகளுக்கு உரிமம் பெற நூற்சான்றே பெரும்பாலும் போதுமானது. அதனாலேயே சத்தியவதி தொடங்கியதைப் போன்ற வேலைக்கு யாருக்கும் அவசரம் இல்லை என்பது என் ஆழ்ந்த வருத்தம். எடுத்துக்காட்டாக மருதம்பட்டையைச் சொல்வேன். ஜெய்ப்பூரில் 105 பேரிடம் நடந்து 2001 இல் வெளியான சோதனையில், நாளுக்கு 500 மி.கி. மருதம்பட்டைத் தூள் பெற்ற குழுவுக்கு 30 நாள்களில் எல்.டி.எல். ஏறக்குறைய 16 சதவீதம் குறைந்தது. அதில் வெற்று மாத்திரைக் குழுவும் இருந்தது. ஆனால் மருந்து பெற்றவர்கள் 35 பேர்தாம், காலம் ஒரு மாதம்தான். குகுலிப்பிட்டின் முதல் முடிவுகளும் இதைப் போலவே நம்பிக்கை தந்தவை. மருதம் நம் ஆற்றங்கரைகளில் இன்றும் தாராளமாக வளரும் மரம்; குக்குலுவைப் போல அருகிப்போனதும் அன்று. பட்டையின் சாற்றில் உள்ள சேர்மங்களை அளந்து ஒரே தரத்தில் மாத்திரையாக்கி, அதே துவர்ப்பும் நிறமும் உள்ள வெற்று மாத்திரையையும் செய்து, சென்னை, மதுரை, கோயம்புத்தூர் என்று மூன்று நான்கு நகரங்களின் அரசு மருத்துவமனைகளில் எல்லைக்கோட்டு எண் உள்ள சில நூறு பேரிடம் குறைந்தது ஆறு மாதங்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளோடு நடத்த வேண்டும். முடிவு எதுவானாலும், குறைக்கவில்லை என்பதே விடையானாலும், அதை முழுமையாக வெளியிட வேண்டும். தேசிய சித்த மருத்துவ நிறுவனம் தாம்பரத்தில் இருக்கிறது, மருந்தியல் துறைகள் ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் இருக்கின்றன. இந்தச் சோதனையைத் தொடங்க வெளிநாட்டிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை.